புடலைப் பந்தலுக்குப் போன டெலிபோன் வயர்

செத்துப்போன டெலிபோனில் எங்கள் அத்தை பேசுவாள். பேயெல்லாம் ராத்திரியில்தான் வரும் என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். எனக்குக் குலை நடுங்கியதெல்லாம் உச்சி வெயிலில்தான்.

மாமா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர்வெல் போடுகிறவர். வடக்கே போனால் திரும்ப மாசக்கணக்காகும். அதுவரை அத்தை வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். வாரம் தவறாமல் மாமா எங்கள் டெலிபோனுக்குக் கூப்பிடுவார். கம்பத்திலிருந்து வேப்பமரக் கவட்டை வழியாக வீட்டுக்குள் வரும் கறுப்பு வயரை ஒருமுறை சீவி, காந்தத்தை ஒட்டிக் காட்டியதும் அவர்தான். "செம்புன்னு நெனச்சியா சாமி? மேலதான் செம்பு, உள்ள இரும்பு. காத்துல அறுந்துரக் கூடாதில்ல."

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் போன் அடித்தது. அத்தை எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "ராங் நம்பர்" என்று சொல்லிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனாள். மறுநாள் பார்த்தால் லைன் இல்லை. புதுசாகச் செல்போன் வாங்கியிருந்த ஜோரில் அப்பா, தொலையட்டும் என்று விட்டுவிட்டார்.

அதற்கப்புறம்தான் அத்தை மத்தியானங்களில் பேச ஆரம்பித்தாள். "ஏனுங்க, சாப்புட்டீங்களா? அங்க மழைங்களா?" நடுநடுவே சிரிப்பு வேறு. ஒருநாள், "மாமா உங்கிட்டப் பேசோணுங்கறாரு" என்று ரிசீவரை என் காதில் வைத்தாள். கொய்ங் சத்தம்கூட இல்லை. கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாருக்கறனுங்க மாமா" என்றேன். அய்யோ, ஏன் சொன்னேனோ! அன்றைக்கு முழுக்க யாரோ என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பது போலிருந்தது.

புடலைக்கொடி பந்தல் கேட்கும் பருவம் வந்தது. எங்கள் பக்கத்தில் பழைய டெலிபோன் வயர் என்றால் பந்தலுக்குத்தான். எத்தனை காய் தொங்கினாலும் தொய்யாது. அப்பா ஏணியை எடுத்தார். அத்தை ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்கண்ணா! அத அவுத்தா அவரு எப்படிப் பேசுவாரு?"

அழுகையில் மூக்கு ஒழுகுவதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அப்பா காதில் வாங்காமல் ஒரு இழு இழுத்தார். வேப்பிலைக்குள்ளிருந்து வயர் தானாக வந்து விழுந்தது. துவைக்கிற கல்லில் ஏறினால் எட்டுகிற இடத்தில், ஏற்கெனவே வெட்டியிருந்தது. கட்டிங் பிளேயர் கடித்த தடம். முனையில் செம்பு வட்டமாக மின்ன, நடுவே இரும்பு சிவக்கத் துருப்பிடித்திருந்தது. எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. அப்பா அந்தத் துருவைக் கட்டைவிரலால் தடவினார். அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள்.

"அப்ப போனையும் எடுத்துப் போட்டுரலாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"வாய மூடிட்டுப் போ புள்ள."

வயர் பந்தலாயிற்று. போன் இருந்த இடத்திலேயே இருந்தது. மத்தியானம் அத்தை ரிசீவரை எடுத்தால் அப்பா எழுந்துபோய் டிவி சத்தத்தைக் குறைப்பார்.

மாமாவுக்கு வடக்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று வருஷங்கள் கழித்து ஒரு லாரிக்காரர் வந்து சொன்னபோது வீடே அல்லோலகல்லோலப்பட்டது. அத்தை மட்டும் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த ராங் நம்பர் மாமாதான் என்றும், சொன்னதை அவர் இன்னொரு தடவை சொல்லிவிடக் கூடாது என்றுதான் அத்தை துவைக்கிற கல்லில் ஏறினாள் என்றும், அன்றைக்குப் பந்தலுக்கடியில் நின்று, புடலங்காய் கோணாமல் நீள அதன் நுனியில் கல் கட்டிக்கொண்டிருந்த எனக்கு எங்கே தெரியும்?