மேலிருந்து மூன்றாவது வரி

என் கணவர் இறந்த மாதமே எல்லா ஆபீசுக்கும் தெரியப்படுத்திவிட்டேன். பென்ஷன் வருகிற வங்கி, முன்னாள் படைவீரர் நல அலுவலகம், மருத்துவ அட்டை கொடுத்த இடம், ரேஷன் கடை என்று ஒவ்வோரிடத்திலும் இறப்புச் சான்றிதழின் நகலை நீட்டினேன். முப்பது வருடம் டீச்சராக இருந்தவள் நான். காகிதத்துக்குப் பயந்தவள் இல்லை. பட்டாளத்துக் குடும்பங்களுக்கு மலிவு விலையில் சாமான் கொடுக்கிற தூத்துக்குடி கேண்டீனுக்கு மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றால் நம்பியிருப்பார்கள். ஆனால் மறக்கவில்லை.

அவர் சாத்தான்குளத்துக்காரர், ராணுவத்தில் ஹவில்தார். நான் நாசரேத்தில் பிறந்தவள். கல்யாணமானதும் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையில் வீடு பிடித்து என்னை வைத்துவிட்டு அவர் எல்லைக்குப் போய்விட்டார். வருடத்துக்கு இரண்டு மாதம் வருவார். இருபத்து நாலு வருடம் அப்படி ஓடியது. ஓய்வு பெற்று வந்தவருக்கு முன்னாள் ராணுவத்தார் என்பதால் துறைமுக வாசலில் காவல் வேலை கிடைத்தது. சந்தோஷப்பட்டேன். அங்கும் ஷிப்டு. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். வாசலில் கண்டுகொள்வதுதான் எங்கள் தாம்பத்தியம்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் என்னுடையது. அன்றைக்கு லீவு கேட்டு வாங்கிவிடுவார். ஸ்கூட்டரில் கேண்டீனுக்குப் போவோம். சோப்பும் தேயிலையும் வாங்கப் போகிற மனுஷன், பரேடுக்குப் போவது போல ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். வரிசையில் நிற்கிற வயசாளிகள் எல்லாரும் அப்படித்தான், ஒருவர் தோள் மற்றவர் தோளைவிட்டு விலகாது. அவருக்கு உரிய ரம்மை நாங்கள் ஒருநாளும் வாங்கியதில்லை, எனக்கு அந்த வாடை ஆகாது. சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அதனாலேயே என்மேல் வருத்தம். இன்னும் தீரவில்லை.

அவர் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை, அவருடைய கேண்டீன் கார்டை ஒப்படைக்கத்தான் பஸ் ஏறினேன். பில் போடுகிற இடத்தில் புதிதாக ஒருவர் இருந்தார். அவரும் முன்னாள் சிப்பாய், வேறு ஊர்க்காரர். கார்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“சாரு வரலியாக்கா?”

“அவிய டூட்டில இருக்காவ,” என்றேன்.

நினைத்துச் சொல்லவில்லை. கோயிலில் கேட்டவர்களுக்கு, பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கு, பால்காரருக்கு, பிரசவ ஆஸ்பத்திரி நர்சுக்கு என்று காலமெல்லாம் நான் சொன்ன பதில் அது ஒன்றுதான். நாக்கு பழகின தடத்தில் போய்விட்டது. பில் போடுகிறவர் கார்டைத் தேய்த்து, வழக்கம்போல் நான் எடுத்திருந்த சோப்புக்கும் தேயிலைக்கும் மிஷினிலிருந்து பில்லைக் கிழித்துக் கொடுத்தார். மேலிருந்து மூன்றாவது வரியில் ஹவில்தார் என்று போட்டு என் கணவர் பெயர் இருந்தது.

பஸ்ஸில் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். மற்ற ஆபீசுகளில் அவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று சேர்த்துவிட்டார்கள். இந்த ஓரிடத்தில் அவர் இன்னும் சாமான் வாங்குகிறார். வீட்டுக்கு வந்து பில்லைப் பைபிளுக்குள் வைத்தேன்.

அடுத்த மாதம் கட்டாயம் சொல்லிவிடுவதென்றுதான் இருந்தேன். அதற்குள் பில் வெளிற ஆரம்பித்திருந்தது. அந்த மிஷின் தாளில் எழுத்து நிற்காது, அதிலும் நம் ஊர் வெக்கையில் சொல்லவே வேண்டாம். முதலில் விலைகள் மங்கின, பிறகு அவர் பெயர். புதுப் பில் ஒன்று வேண்டியிருந்தது. மறுபடியும் போனேன், மறுபடியும் டூட்டி என்றேன். பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்திய டீச்சர், மாதம் தவறாமல் பொய் சொன்னேன். ஷேவிங் கிரீம்கூட வாங்கினேன். பிரிக்காத டியூப்கள் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன.

இரண்டு வருடம் ஆகப்போகிற சமயத்தில் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். பழைய கார்டுகள் செல்லாது. கார்டுக்கு உரியவர் நேரில் வந்து போட்டோவும் கைரேகையும் கொடுத்துப் புதுசு வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று தடவை படித்தேன். நேரில் வரவேண்டுமாம். வந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன்?

மறுநாள் இறப்புச் சான்றிதழோடு போனேன். பில் போடுகிறவர் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தேதியைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றதால் குரலைத் தணித்துக்கொண்டார்.

“என்னக்கா இது? வீட்டம்மாவுக்கும் இதே உரிமை உண்டுல்லா. இதே சாமான், இதே அளவு. அன்னைக்கே சொல்லியிருந்தா உங்க பேர்லயே கார்டு வந்திருக்கும். என்னத்துக்கு இப்படிச் செஞ்சிய?”

“பில்லுல அவிய பேரு வரும்லா,” என்றேன். வேறு காரணம் என்னிடம் இல்லை.

அவர் விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார், எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டினார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துப் பழைய கார்டை நடுவில் வெட்டினார். விதி அப்படி. வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பைபிளைத் திறந்தேன். போன மாதத்துப் பில் ஒன்றுதான் படிக்கிற மாதிரி இருந்தது. அதுதான் கடைசி. இதையும் விட்டால் அவ்வளவுதான் என்று, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருக்கிற லேமினேஷன் கடைக்கு ஓடினேன். அவருடைய பென்ஷன் தாள்களையெல்லாம் அங்கேதான் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரப்படுத்தியிருந்தேன். கடைக்கார அண்ணாச்சி போனில் பேசிக்கொண்டே பில்லை வாங்கி மிஷினுக்குள் விட்டார். மறுபக்கம் வரும்போது அது முழுக்கக் கறுத்திருந்தது.

“ஏக்கா, இது சூட்டுல எழுத்து விழுற பேப்பர்லா! மிஷின்ல விட்டா கறுத்துரும். ஒரு ஜெராக்ஸ் எடுத்திருக்கலாமே,” என்று பதறினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் பில்லைக் கெடுத்தேன். ரோட்டில் நின்று அழுதேன். அவரை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை.

புதுக் கார்டு வந்துவிட்டது. போன சனிக்கிழமை வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண் திரும்பினாள். அவள் கணவன் இப்போது எல்லையில் இருக்கிறானாம்.

“உங்க வீட்டுக்காரவிய வரலியா அத்தை?”

நாக்கு பழைய தடத்துக்குத்தான் போனது. பிடித்து நிறுத்தினேன்.

“இல்லம்மா. இறந்துட்டாவ.”

அப்போதுதான் உறைத்தது. எல்லா ஆபீசிலும் காகிதந்தான் சொன்னது; என் வாயால் நான் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து பைபிளிலிருந்து லேமினேஷனில் கறுத்துப்போன அந்தப் பில்லை எடுத்தேன். மேலிருந்து மூன்றாவது வரி எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். அங்கே விரலை வைத்தேன்.

“இன்னைக்குச் சொல்லிட்டேன்,” என்றேன். “கோவிச்சுக்கிடாதிய.”