கல்லம்மாவுக்கு ஒரு ஜாமீன்

பிரிசில்லாவைப் பொறுமைசாலி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பொறுமைசாலி இல்லை. வாயை மூடிக்கொண்டிருக்கச் சம்பளம் வாங்குகிறவள், அவ்வளவுதான். ஆம்பூரில் நாங்கள் இருவரும் ஒரே ஷூ கம்பெனியில் இருக்கிறோம். நான் ஆபீசில், அவள் தையல் பிரிவில் லைன் சூப்பர்வைசர். ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் பஸ் தவறி லேட்டாக வந்தால் மேனேஜரிடம் திட்டு வாங்குவது அவள். மேனேஜர் டார்கெட்டை ஏற்றினால் அந்தப் பெண்கள் முறைப்பதும் அவளைத்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளம் பி.காம். வேறு படித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு வேறு பிறவி. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கதையாட்டக் கழகம் என்று ஒன்று கூடும். அவளை அங்கே இழுத்துக்கொண்டு போனவளே நான்தான். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராக மாறி அந்தக் கதைக்குள் பேசுவோம், திரிவோம், சண்டை போடுவோம். வாள் வெட்டியதா, குறி தவறியதா என்பதைப் பகடை சொல்லும். நான் அங்கே டியூஷன் எடுக்கிறேன் என்றுதான் என் அம்மா இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

சேர்ந்த முதல் நாள், எந்த இனத்து வீரராக ஆடப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். மனிதர் உண்டு, வனதேவர் உண்டு, குள்ளர் உண்டு. பிரிசில்லா யாருமே தொடாத பூத இனத்தைக் கேட்டாள். ஏழடி உயரம், கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பல், பாறை மாதிரித் தோல். கல்லம்மா என்று பேர் வைத்தாள்.

"இன்னாத்துக்குடி பூதம்? லட்சணமா ஒரு வனதேவதைய எடுத்துக்கயேன்" என்றேன்.

"பூதம்னா கத்தலாம்ல" என்றாள்.

கத்தவும் செய்தாள். முதல் சண்டையில் கல்லம்மா போட்ட சத்தத்தில் கீழேயிருந்து வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார். லைனில் ஒரு பெண்ணைக்கூட அதட்டாதவளுக்குள் இப்படி ஒரு தொண்டை இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தச் சந்தோஷம் எத்தனை நாளைக்கு? எங்கள் கூட்டத்துக்கு மூத்தவர் சுந்தரமூர்த்தி சார். காலேஜில் பாடம் எடுக்கிறார், ஆட்டத்தில் வெள்ளைக் குதிரை வீரர். அடுத்து தமிழ்வேந்தன், லேப் டெக்னீஷியன், ஆட்டத்தில் மந்திரவாதி. இருவரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் என் பேஜாரே. கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

கதையில் ஓர் ஊர் வந்தால் போதும். "பிரிசில்லா, ஊருக்குள்ள கல்லம்மா பேச வேணாம். ஜனங்க பயந்துடுவாங்க. நாங்க பேசிக்கிறோம்" என்பார் சார். கதவை உடைக்கக் கல்லம்மா. பொறி இருக்கிற பாதையில் முதலில் நடக்கக் கல்லம்மா. மூட்டை முடிச்செல்லாம் கல்லம்மா முதுகில். ராஜா விருந்து வைத்தால் அவள் மட்டும் குதிரை லாயத்தில் இருப்பாள். "அக்காவுக்கு ஒரு ஆட்டுத்தொடை அனுப்பிட்டோம்" என்று தமிழ்வேந்தன் சிரிப்பான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது பழமொழி. இங்கே ஊரிலேயே பலசாலி ஆண்டியாகிவிட்டாள். பிரிசில்லாவும் சிரித்துக்கொண்டு பகடையை உருட்டுவாள்.

ஆனால் அவள் ஒன்றை மனதில் வைத்துத்தான் அத்தனையும் தாங்கினாள். வருடக் கடைசியில் எங்கள் கதையில் வரும் முத்தாற்றூருக்குக் காவல் தலைவரைத் தேர்ந்தெடுப்போம். அதிகப் புகழ்ப்புள்ளி சேர்த்த வீரருக்கு அந்தப் பதவி. அடுத்த வருடக் கதை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அவர் சொல்படிதான். இந்த வருடம் முதலிடம் கல்லம்மா. முதுகு ஒடிய ஒடிய உழைத்தால் புள்ளி சேராதா?

கடைசி ஞாயிறு ஆம்பூரிலிருந்து காட்பாடி வரை ரயிலில் அதே பேச்சு. மலைப் பூதங்களுக்கு ஊர் வாசலைத் திறந்துவிடுவாளாம். லாயத்தை இடித்துவிட்டு அங்கே எல்லா இனமும் உட்கார்ந்து சாப்பிட ஒரு கூடம் கட்டுவாளாம்.

"ஆட்டம்தானடி" என்றேன், சும்மா சீண்டுவதற்கு.

"இருக்கட்டும் லுப்னா. ஒரே ஒரு எடத்துலயாவது நான் சொல்றத நாலு பேரு கேக்கணும். எனக்கு அது வேணும்" என்றாள். இவ்வளவு வெளிப்படையாக எதையும் வேண்டும் என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

கதை சொல்கிறவர் வாஹித் பாஷா. வீட்டு புரோக்கர், குரல் மாற்றிப் பேசுவதில் மன்னன். ஊர்ச்சபைக் கிழவர் குரலில் ஆரம்பித்தார். "கல்லம்மா பெரிய வீராங்கனை. சபைக்குச் சந்தோஷம். ஆனா பூத இனம். அவளுக்கு ஜாமீன் நிக்கறது யாரு?"

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. தெரிந்த ஆள் ஒருவர் சொல்லாமல் இங்கே வாடகைக்கு வீடு கிடைக்காது, கம்பெனியில் வேலையும் கிடைக்காது. பிரிசில்லா இந்த வேலைக்கு வந்தது அவர்கள் சபை பாஸ்டர் சொல்லித்தான். வீடு தேடி அலைந்தபோது ஆம்பூரில் நானே மூன்று வாசலில் அவளுக்காகப் பேசியிருக்கிறேன். வாஹித் பாயும் வருகிறவர்களிடம் பேர் கேட்பதற்கு முன்பு "யாரு அனுப்பிச்சாங்க?" என்றுதான் கேட்பார். அந்தத் தொழில் புத்தியை அப்படியே கதைக்குள் கொண்டுவந்துவிட்டார் மனுஷன்.

விதியையும் சொன்னார். ஆட்டத்தில் அனுபவம் கூடக் கூட வீரர்கள் ஏறும் படிகளில், ஜாமீன் நிற்பவர் மூன்றாம் படியைத் தாண்டியிருக்க வேண்டும். பதவியில் பூதம் ஏதாவது தப்புச் செய்தால் ஜாமீன்தாரருக்கு ஒரு படி இறங்கும்.

"நான் நிக்கறேன்" என்றேன்.

"நீ முதல் படி மூலிகைக்காரிம்மா. செல்லாது."

"போன வருஷம் சார் தலைவரானப்ப இந்த ரூல் எங்க போச்சு பாய்? அவருக்கு ஜாமீன் கேட்டீங்களா?"

"சார் மனுஷ இனம்மா. ஒரு எதார்த்தம் வேணாமா கதைக்கு?"

எதார்த்தமாம். பறக்கும் பல்லி நெருப்பு கக்குகிற கதையில் இவருக்கு எதார்த்தம் வேண்டியிருக்கிறது.

பிரிசில்லா என் கையை அழுத்தினாள். பிறகு சார் பக்கம் திரும்பி, கல்லம்மாவின் குரலிலேயே, ஆனால் தாழ்த்திக் கேட்டாள். "ஐயா, எனக்கு நீங்க ஜாமீன் நிப்பீங்களா?" ஊருக்குள் கல்லம்மா வாய் திறந்த முதல் பேச்சு கெஞ்சலாகப் போய்விட்டது. எனக்குத் தாங்கவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல பிரிசில்லா. என் வீரன் அப்படிப்பட்டவன். பூதத்துக்கு வாக்குக் குடுக்க மாட்டான். பாத்திரத்த மீற முடியாது பாரு."

அவள் தமிழ்வேந்தனைப் பார்த்தாள். அவன் பகடையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அக்கா, உங்கள எனக்கு ரொம்பப் புடிக்கும். ஆனா இந்தப் படிக்கு வர ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. கல்லம்மா கோவத்துல எதையாவது போட்டு ஒடச்சிட்டா?"

"ஒடைன்னு சொல்லி ஒடைக்க வெச்சதே நீங்கதானடா" என்று நான் எழுந்துவிட்டேன். "குகையில அடிபட்டுக் கெடந்த உன்னைத் தோள்ல தூக்கினு வந்தது யாரு? அப்ப எறங்காத படி இப்ப எறங்கிடுதா?"

"லுப்னா, வெளையாட்டும்மா இது. ஒக்காரு" என்றார் வாஹித் பாய்.

சரி, விளையாட்டு. காவல் தலைவர் பதவி இரண்டாம் இடத்திலிருந்த வெள்ளைக் குதிரை வீரருக்கே மறுபடியும் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். பிரிசில்லாவும் தட்டினாள்.

கை தட்டி ஓய்வதற்குள் வாஹித் பாய் குரலை மாற்றினார். முரசு சத்தம். வடக்கு வாசலில் எதிரிப்படை. ஊரில் இருப்பதோ ஒரு பிடி வீரர்கள். தலைவரான சார் நிமிர்ந்து உட்கார்ந்து முதல் உத்தரவு போட்டார். "வாசக்கதவ உள்ளேருந்து சாத்துங்க. கல்லம்மா வெளிய நின்னு தடுக்கட்டும். நாங்க மதில் மேலேருந்து பாத்துக்கறோம்."

அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. வழக்கமாக நடப்பதுதானே. வாஹித் பாய் பகடையைப் பிரிசில்லா பக்கம் தள்ளினார்.

அவள் அதைத் தொடவில்லை. "கல்லம்மா வாசல்ல நிக்கல" என்றாள். "மலைப்பக்கம் நடந்து போறா."

"இன்னா பிரிசில்லா, நீ போய்ட்டா ஊரே போய்டுமே" என்றார் சார்.

"எனக்கு ஜாமீன் நிக்க இந்த ஊர்ல ஒரு ஆள் இல்ல சார். ஊருக்கு மட்டும் நான் எப்படி நிக்கறது?"

அது கல்லம்மாவின் குரல் இல்லை. பிரிசில்லாவின் சொந்தக் குரல். வாஹித் பாய் பகடையை எடுத்து எதிரிகளுக்காக உருட்டினார். கதவு உடைந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

காட்பாடியில் ரயில் ஏறிய பிறகும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "சரியான அடி குடுத்தடி. சார் மூஞ்சியப் பாத்தியா? இன்னும் நாலு வார்த்தை சேத்துக் கேட்டிருக்கணும்" என்று பேசிக்கொண்டே வந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்பதைக் குடியாத்தம் ஸ்டேஷன் வந்தபோதுதான் கவனித்தேன்.

"ஏன்டி? நீதானே ஜெயிச்ச?"

"இன்னாத்த ஜெயிச்சேன்?" துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். "அந்த வாசல்ல நின்னிருந்தா நான் ஒருத்தியே தடுத்திருப்பேன் லுப்னா. ஒரு ஆளு உள்ள போயிருக்க முடியாது. எனக்கு நிக்கணும்னுதான் இருந்துச்சு."

அவள் பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆம்பூரில் இறங்கும்போதும் அதை அவளிடம் கொடுக்கவில்லை.