மூன்று மாப்பிள்ளைகளும் ஐந்து ஓட்டுகளும்

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் எங்கள் வீட்டில் நான்கு முறை தேர்தல் நடந்தது. என்னை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பதுதான் விஷயம். எனக்கோ கல்யாணமே அப்போது வேண்டாம், பி.எட். படிக்க வேண்டும். அது வாக்குச்சீட்டில் இல்லை.

அப்பா திண்டிவனத்தில் பள்ளிக்கூட வாத்தியார். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி அதிகாரியாகப் போவார். மற்ற வாத்தியார்கள் அந்த வேலையிலிருந்து தப்பிக்க மெடிக்கல் சர்டிஃபிகேட் தேடி அலைவார்கள். அப்பாவோ தன் பெயர் விட்டுப்போனால் தாலுகா ஆபீசுக்கே போய்ச் சண்டை போடுவார். வீட்டிலும் எதையும் ஓட்டுக்கு விட்டுத்தான் முடிவெடுப்பார். சுவருக்கு என்ன கலர் என்பது வரைக்கும் பொறுத்துக்கொண்டோம். கடைசியில் என்னையும் ஓட்டுக்கு விட்டார்.

வந்த வரன்கள் மூன்று. விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே கிளார்க் ஒருவர், திண்டிவனத்திலேயே வேர்க்கடலை மண்டி, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மண்டி, வைத்திருந்த ஒருவர், வல்லம் பக்கம் கிணறும் நிலமுமாக ஒரு விவசாயி. அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தாள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது என்பதால் ரயில், மூட்டை, பம்பு செட் என்று மூவருக்கும் அப்பா சின்னம் ஒதுக்கினார். வாக்காளர்கள் அப்பா, அம்மா, அத்தை, அண்ணன், அண்ணி. அப்போது நாட்டில் ஓட்டுப் போடும் வயது இருபத்தொன்று, எனக்கு இருபது. "சட்டத்தை நம்ம வீட்டுக்காக வளைக்க முடியாதும்மா" என்று சொல்லி, ஆறுதலாக ஓட்டு எண்ணும் அதிகாரி பதவியை எனக்குக் கொடுத்தார்.

முதல் தேர்தல் கை தூக்குவது. எல்லோரும் அப்பாவின் கையைப் பார்த்துத் தங்கள் கையைத் தூக்கினார்கள். ரயிலுக்கு ஐந்துக்கு ஐந்து. வேறு அப்பாவாக இருந்தால் முகூர்த்தம் பார்க்கக் கிளம்பியிருப்பார். இவர் முகம் சுண்டிப்போனது. "இது பயந்துக்கினு போட்ட ஓட்டு" என்று தன் ஆளின் வெற்றியைத் தானே ரத்து செய்தார்.

இரண்டாவது, ரகசிய வாக்கெடுப்பு. அடுக்களை மூலையில் அட்டைப்பெட்டியை வைத்து மறைவு கட்டி, ரப்பர் ஸ்டாம்பு கொடுத்து, ஒவ்வொருவர் விரலிலும் மை வைத்தார். ரயிலுக்கு இரண்டு, மூட்டைக்கு இரண்டு, பம்பு செட்டுக்கு ஒன்று. சமமாக வந்தால் சீட்டுக் குலுக்க வேண்டுமாம். அந்தக் காலத்துக் குடவோலை மாதிரியே குழந்தையை வைத்து எடுக்கலாம் என்று சொம்பில் சீட்டுப் போட்டு, அண்ணனின் கைக்குழந்தையிடம் நீட்டினார். அவள் இரண்டு சீட்டையும் அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். பிடுங்கி எடுப்பதற்குள் ரயிலும் மூட்டையும் ஒன்றாகக் கரைந்திருந்தன.

அப்பா அசரவில்லை. சில நாடுகளில் கடைசியாக வந்தவரை நீக்கிவிட்டு, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தைக் கேட்பார்களாம். பம்பு செட்டுக்குப் போட்டது அம்மா. அடுத்தது மூட்டை என்றாள். மண்டிக்காரர் ஜெயித்துவிட்டார். ரயில் கட்சியான அண்ணன் குதித்தான்.

ஆகவே மூன்றாவது தேர்தல். மூவரையும் வரிசைப்படுத்த வேண்டும். முதலாமவருக்கு இரண்டு மார்க், அடுத்தவருக்கு ஒன்று, கடைசி ஆளுக்குப் பூஜ்யம். கூட்டினால் ரயில் நான்கு, மூட்டை ஐந்து, பம்பு செட் ஆறு! அம்மாவைத் தவிர யாரும் முதலில் வைக்காத மனிதர், மற்ற நால்வரும் இரண்டாவதாக வைத்ததால் முந்திவிட்டார்.

"பாத்தியாம்மா! அதே அஞ்சு பேரு, அதே மூணு மாப்பிள்ளை. ஒவ்வொரு தடவையும் வேற ஆளு!" அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணுகிற விதத்தை மாற்றினால் என் மாமனார் மாறுகிறார்.

"யாரும் வேணாம்னு நாலாவதா ஒரு கட்டம் போடுங்கப்பா" என்றேன்.

"அப்படி ஒரு சின்னமே கெடையாதும்மா."

அடுக்களைக்குப் போய் அழுதேன். பி.எட். அப்ளிகேஷன் வாங்கக் கடைசி நாள் நெருங்கிவிட்டது என்று கத்தினேன். அம்மாவும் அத்தையும் அண்ணியும் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. மூன்று பேர் மீதும் ஆத்திரமாக வந்தது.

மார்க் போடுவது நம் நாட்டு முறையே இல்லை என்று அண்ணன் ஆட்சேபித்ததால் நான்காவது முறை, மறு வாக்குப்பதிவு. சீட்டுகளைப் பிரித்தேன். இரண்டில் ரயில். மற்ற மூன்றிலும், மூன்று சின்னங்களின் மேலும் முத்திரை குத்தியிருந்தது.

அப்பா வாங்கிப் பார்த்தார். "செல்லாத ஓட்டை ஒதுக்கிட்டு மிச்சத்தை எண்ணணும். அதான் ரூல். ரெண்டு ஓட்டுல ரயிலு ஜெயிச்சிடிச்சி."

அப்போதுதான் அம்மா எழுந்து வந்தாள்.

"சரிங்க. ஜெயிச்சவரு ஜெயிச்சவராவே இருக்கட்டும். செல்லாதவங்க நாங்க மூணு பேரும் ஒதுங்கிக்கிறோம். சம்பந்தி வீட்டுக்குப் பதில் சொல்றது, பந்திக்கு ஆக்கிப் போடறது, பொண்ணை அழைச்சிக்கினு போயி விடறது, எல்லாத்தையும் செல்லுற ஓட்டு ரெண்டும் பாத்துக்கட்டும்."

"எனக்கு இந்த மையைக் கழுவறதே பேஜாரா போச்சுடா" என்றாள் அத்தை. அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலையில் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பி நின்றார். அம்மாவைக் கூப்பிடவில்லை, அண்ணனைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எந்த காலேஜுல அப்ளிகேஷன் வாங்கணும், சொல்லு."