மாதா காலடியில் மோதிரம்

கணவர் கல்யாண மோதிரத்தைக் கழற்றினால் மற்ற பெண்களுக்குப் பதறும். எனக்கு அவர் போட்டிருந்தால்தான் பதறும். திருவொற்றியூர் லேத் பட்டறையில் அவருக்கு வேலை. சுற்றுகிற இயந்திரத்தில் மோதிரம் மாட்டினால் விரலும் சேர்ந்து போய்விடும். அதனால் தினமும் அதைக் கழற்றி, அலமாரியில் மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

நேற்று அவர் போன பிறகு பார்க்கிறேன், மோதிரம் அங்கே இல்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அந்தப் பட்டறைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். மோதிரம் மாற்றச் சொன்னவர்களையெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

சாயங்காலம் வந்தவர், "இன்னா, மூஞ்சி பேஜாரா கீது? மோதிரமா? காலைல டீ குடிக்கசொல்லதான் கையப் பாத்தேன், கழட்டி டிபன் டப்பால போட்டுட்டேன்" என்று டப்பாவை நீட்டினார்.

நான் அதை வாங்கவில்லை. அவர் கைகளைப் பிடித்து விரல்களை எண்ணினேன். பத்து வந்தது. மறுபடியும் எண்ணினேன்.