எனிஃபா டீச்சர் சொன்ன அர்த்தம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அகராதி ஒன்றே ஒன்றுதான். அது தலைமை ஆசிரியரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும்; மேலதிகாரி வரும் நாளில் மட்டும் வெளியே வந்து மேசைமேல் உட்காரும். மூன்றாம் படிவத்தில் எண்பத்திரண்டு பிள்ளைகள், ஒன்பது ஆங்கிலப் புத்தகங்கள். இதை வைத்துக்கொண்டு எனிஃபா மக்வின்ஜா பதினான்கு வருஷம் ஆங்கிலம் நடத்தினார். நான் அடுத்த அறையில் கணக்கு வாத்தியார். நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அதனால் அவர் நடத்திய பாடமெல்லாம் என் காதிலும் விழுந்தது.

தெரியாத சொல் ஒன்று வந்தால் பிள்ளைகள் வெள்ளத்தைப் பார்த்த ஆடு மாதிரி அங்கேயே நின்றுவிடுவார்கள். எனிஃபா டீச்சர் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அந்தச் சொல்லை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொள்வார்.

"சாவு வீட்டுக்குப் போறீங்க. தெரியாத ஆள் ஒருத்தர் உக்காந்திருக்கார். யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? போய் 'நீ யாருய்யா'ன்னா கேப்பீங்க?"

"மாட்டோம் டீச்சர்!"

"பின்ன?"

"யார் பக்கத்துல உக்காந்திருக்கார்னு பாப்போம்."

"அழாம, ந்சிமாக் களி வெந்துருச்சான்னு எட்டி எட்டிப் பாத்தா, சாப்பிட வந்தவர் டீச்சர்!"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொல்வார். "வார்த்தையும் அப்படித்தான். அதையே முறைச்சுக்கிட்டு நிக்காதே. அக்கம்பக்கத்தைப் பாரு. அது சொல்லிடும்."

இந்த வித்தையில் லெஃபினா என்ற பெண்ணை மிஞ்ச ஆளில்லை. டீச்சர் கையை எடுக்குமுன் அர்த்தம் சொல்லிவிடுவாள். கடைசித் தேர்வில் எங்கள் பகுதியிலேயே ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே கல்யாணமாகி, பருத்தி போடும் புருஷனோடு அவன் ஊருக்குப் போனாள். மயமிகோ என்று ஒரு ஆண்பிள்ளை பிறந்தான். 'எங்க ஊருக்கு வர்ற கடிதம் எல்லாம் நான்தான் படிக்கிறேன் டீச்சர்' என்று ஒருமுறை சந்தையில் பெருமையாகச் சொன்னாளாம்.

பருத்திக்கு மருந்தடிக்கும் மாசியில், அந்தப் பிள்ளை செத்துப்போன செய்தி வந்தது. இரண்டு வயது.

நானும் எனிஃபா டீச்சரும் ஆளுக்கொரு வாடகைச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனோம். அவர் மடியில் சாவு வீட்டுக்கான மக்காச்சோள மாவு. அடக்கம் முடிந்தபின் லெஃபினா, எனிஃபா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் வந்தாள். நான் சுவரோரம் இருந்தேன். அவள் என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

பூச்சிமருந்தில் தண்ணீர் பட்டால் பால்போல வெளுத்துவிடும். புருஷன் குப்பியின் அடியில் மிஞ்சியதைக் கோப்பையில் ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டு, தெளிப்பானை எடுக்கப் போயிருக்கிறான். பிள்ளை பால் என்று குடித்துவிட்டது. சுகாதார நிலையம் பதினொரு கிலோமீட்டர். வழியில் ஓடை பெருகிக் கிடந்தது. அவன் சைக்கிள் தேடி ஓட, இவள் குப்பியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்திருக்கிறாள். எல்லாம் ஆங்கிலம்.

"முழுங்கிட்டா என்ன செய்யணும்னு ஒரு வரி இருந்துச்சு டீச்சர். 'வாந்தியை இண்டியூஸ் செய்யாதே'ன்னு. அந்த ஒரு வார்த்தைதான் தெரியல. அக்கம்பக்கத்தைப் பாத்தேன். உள்ள போனது விஷம். விஷம்னா வெளிய வரணும். அப்ப 'வாந்தியைத் தடுக்காதே'ன்னுதானே இருக்கணும்? உப்புத்தண்ணி குடுத்தேன். விரலை விட்டேன். வாந்தி எடுத்தான், மூணு தடவை. அப்புறம் மூச்சு..."

முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சரியாத்தானே ஊகிச்சேன் டீச்சர்?"

அந்தச் சொல்லுக்கு 'வரவழைப்பது' என்று அர்த்தம். எனக்கே தெரியும். எனிஃபா டீச்சர் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"சரிதான்மா. நீ சரியாத்தான் படிச்சே."

திரும்பும்போது சைக்கிள் வேண்டாம் என்று நடந்தே வந்தார். பாதி வழியில் கேட்டார்: "நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க சார்?"

"இதையேதான்."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார்.

மறுநாள் சுகாதார நிலையத்தில் விசாரித்தோம். அந்த மருந்தில் எண்ணெய் கலந்திருக்கிறது. வாந்தி எடுக்கையில் நுரையீரலுக்குள் போயிருக்கிறது. எடுக்க வைக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டோம். 'பிழைச்சிருக்கலாம். செத்தும் போயிருக்கலாம்' என்றார் அங்கிருந்தவர்.

மூன்று வாரம் கழித்து ஊர்த்தலைவர் முன்னால் வழக்கு வந்தது. மாமியார் எலிசியும் அதே சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தாள். சாட்சி சொல்ல வரும்படி லெஃபினா எனிஃபா டீச்சருக்கு ஆள் அனுப்பினாள். நானும் துணைக்குப் போனேன். பருத்தி மூட்டை கட்டும் கொட்டகையில் ஊரே கூடியிருந்தது. அநேகம் பேர் பெண்கள்.

"படிச்ச மருமக!" என்று கை தட்டினாள் எலிசி. "எழுத்துத் தெரியாத நான் ஏழு பிள்ளையை வளத்தேன். இவ எழுத்துக்கூட்டிப் படிச்சு ஒண்ணைக் கொன்னா. வாந்தி எடுக்க வைக்கக் கூடாதாம். சீட்டுலயே எழுதியிருக்காம்!"

"பொய்!" லெஃபினா எழுந்து நின்றாள். "தடுக்காதேன்னுதான் எழுதியிருந்துச்சு. எங்க டீச்சர் வந்திருக்காங்க, கேளுங்க. அவங்களே சரின்னாங்க."

எலிசி கொண்டுவந்திருந்த குப்பியைத் தலைவர் டீச்சரிடம் நீட்டினார். "டீச்சரம்மா, இதுல என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

அங்கே ஆங்கிலம் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். நான் வாய் திறக்கப் போவதில்லை. டீச்சர் இன்னொரு தடவை 'சரி' என்று சொல்லியிருந்தால் லெஃபினா தப்பித்திருப்பாள். டீச்சர் குப்பியைப் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். மடியில் பிள்ளை, முதுகில் பிள்ளை. ஒவ்வொருத்தி வீட்டிலும் இதே குப்பி. இங்கே அவர் சொல்வதைத்தான் அவர்கள் நாளைக்குச் செய்வார்கள்.

"வாந்தியை வரவழைக்காதேன்னு எழுதியிருக்கு" என்றார். "எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த மருந்தை முழுங்கினா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஆனா குத்தம் இந்தப் பொண்ணுது இல்ல. தெரியாத வார்த்தையை ஊகிக்கச் சொல்லிக் குடுத்தது நான். எந்த வார்த்தையை ஊகிக்கக் கூடாதுன்னு நான் சொல்லிக் குடுக்கல."

கூட்டம் சலசலத்தது. பின்னாலிருந்து ஒரு கிழவி, "நாங்களா இருந்தாலும் உப்புத்தண்ணிதான் குடுத்திருப்போம்" என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

லெஃபினா, எனிஃபா டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு சரின்னு சொன்னீங்களே."

"சொன்னேன். உன் முகத்தைப் பாத்துச் சொல்ல முடியலம்மா."

"இன்னிக்கு மட்டும் முடிஞ்சுதா?"

அபராதம் வேண்டாம், பெண் தாய்வீட்டுக்குப் போகட்டும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். புருஷன் கடைசிவரை தலை நிமிரவில்லை. கோப்பையில் ஊற்றி வைத்தது யார் என்று அந்தக் கொட்டகையில் ஒருவரும் கேட்கவில்லை.

வழக்குப் பேச்சு எங்கள் ஊருக்கும் பரவி, அந்த மாதம் ஏழு பெண்பிள்ளைகள் எங்கள் பள்ளியிலிருந்து நின்றுபோனார்கள். எனிஃபா டீச்சர் வீடு வீடாகப் போனார். சில வீடுகளில் உட்காரப் பாய் கூடப் போடவில்லை. இரண்டு பேர் திரும்பினார்கள்.

வகுப்பில் அவர் சொல்லை மூடுவதை நிறுத்திவிட்டார். சொல்லும் பொருளும் வரிசையாக எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் எண்பது குரல் ஒரே மாதிரி ஒப்பிக்கும், சிரிப்பில்லை. தேர்வில் புதுச்சொற்கள் வந்தன, பாதிக்குமேல் தோற்றார்கள். தலைமை ஆசிரியர் கூப்பிட்டுக் கண்டித்தார். அடுத்த வருஷம் பழையபடி உள்ளங்கை கரும்பலகைக்குப் போனது. ஆனால் பிள்ளைகள் அர்த்தம் சொன்னதும் இன்னொரு கேள்வி கேட்பார்: "நீ சொல்றது தப்பா இருந்தா யாருக்கு என்ன ஆகும்?" கதைப்புத்தகம் என்றால் ஒன்றும் ஆகாது, மேலே படி. மருந்து, பத்திரம், கையெழுத்து என்றால் நிறுத்து, தெரிந்தவரைக் கேள். "யாரைக் கேக்கறது டீச்சர்? எங்க ஊர்ல நான்தான் அதிகம் படிச்சவ" என்றாள் ஒரு பெண். டீச்சர் சுண்ணாம்புக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

லெஃபினாவைத் தேடி இரண்டு தடவை போனார். முதல் தடவை அவள் அம்மா, மகள் ஊரில் இல்லை என்றாள். கொடியில் லெஃபினாவின் துணி ஈரம் சொட்டிக்கொண்டிருந்ததாம். இரண்டாம் தடவை லெஃபினாவே வெளியே வந்தாள். "உங்க மேல கோவம் இல்ல டீச்சர். உங்களைப் பாத்தா அந்த வார்த்தை ஞாபகம் வருது. இனிமே வராதீங்க." அதற்குப்பின் அவர் போகவில்லை.

போன வருஷம் அந்த ஊர்க்காரர் ஒருவர் பேருந்தில் பேச்சுக்கொடுத்தார். லெஃபினாவுக்கு மறுபடி கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறாளாம், ஏழு வயது. ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த எனிஃபா டீச்சரிடம் சொன்னேன்.

"பள்ளிக்கூடம் அனுப்புறாளா?" என்று கேட்டார்.

"அனுப்பலையாம்."

தலையை ஆட்டினார். அடுத்த தாளை எடுத்து, பெயரைப் படித்துவிட்டு, திருத்தத் தொடங்கினார்.