தகரம் அடைத்த வாசல்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டருகே உள்ள மருத்துவமனையை விரிவுபடுத்துகிறார்கள். ஒருநாள் காலை என் கணவருக்கு நெஞ்சு வலிக்கவே, ஆட்டோவில் வழக்கமான வாசலுக்கு அழைத்துப் போனேன். புதுக் கட்டடத்துக்காக அதைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அவசரப் பிரிவு பின்பக்கச் சாலைக்கு மாறிவிட்டதாம். சுற்றிப் போகலாமென்றால் தெருவை மறித்து ஜல்லி லாரி. லாரியை எடுக்கச் சொல்லிக் கத்தினேன்.

மருத்துவமனையை ஒட்டிய வீட்டிலிருந்து நூர்ஜஹான் அம்மா வெளியே வந்தார். கட்டட வேலைத் தூசிக்குப் பயந்து எந்நேரமும் கதவைச் சாத்தி வைத்திருப்பவர். "நம்ம வூட்டு வழியா இட்டுனு வாம்மா. பின்கதவு அந்த ரோட்லதான் கீது" என்றார். அவர் மகனும் ஆட்டோக்காரரும் என் கணவரை அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போனார்கள்.

மாரடைப்புதான். சீக்கிரம் சேர்த்ததால் பிழைத்தார்.

இப்போது வாரந்தோறும் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று நேரில் பார்த்து, தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுகிறேன். அந்தக் குடும்பத்தை நினைக்காமல் விளக்கேற்றுவதும் இல்லை.