ஏழு வருடத்து நல்ல ஆள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பிடித்துவைக்கும் சோதனைக்குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளருக்குக் கல்லுக்குண்டு என்று பட்டப்பேர். வைத்தது அவர் மனைவி. "எங்க வீட்டுக்காரர் கல்லுக்குண்டு மாதிரி, ஒரு தலைவலி மாத்திரை முழுங்கினதில்ல" என்பாள் அந்த அக்கா.

நாங்கள் அளப்பது ஒரு புரதத்தை. உடம்பின் செல்லுக்கு நெருக்கடி வந்தால் உள்ளேயிருந்து அதைக் காப்பாற்றுவது. அது வெளியே வந்து ரத்தத்தில் சுற்றினால் மாரடைப்பு அபாயம் கூடுகிறதா என்பதே ஆராய்ச்சி. மூன்று மாதத்துக்கொரு முறை சோதனை. நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட நோயில்லாத நல்ல ஆள் ஒருவரின் ரத்தம் வேண்டும். ஏழு வருடமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டவர் கல்லுக்குண்டுதான். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

போன வருடம் அவருடைய ரத்தத்தில் அந்த அளவு எகிறியது. சோதனை மருந்து பழசு என்று நோட்டில் அந்த எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அடுத்த தடவை புது மருந்து; கருவியைக் குறை சொல்லி அடித்தேன். மூன்றாம் தடவை வேறு கருவி; அந்த எண்ணையும் அடித்துவிட்டு அவர்மேலேயே பாய்ந்தேன்.

"குழாய வெயில்ல வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டீங்களா?"

"இல்லம்மா" என்றார், பாவம்.

என் சத்தம் கேட்டு, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா அறையிலிருந்து எழுந்து வந்தார். அடித்திருந்த எண்களைப் பார்த்தார்.

"மருந்த மாத்தின, கருவிய மாத்தின. ஆள மாத்திப் பாத்தியா?"

என் ரத்தத்தை வைத்தோம். ஒழுங்காக வந்தது. கோளாறு மருந்திலும் இல்லை, கருவியிலும் இல்லை; அவர் ரத்தத்தில்தான். "இத மட்டும் வெச்சு நோய்னு சொல்ல முடியாது. ஆனா இதயத்தப் பாத்துடணும்" என்றார் டாக்டரம்மா.

கல்லுக்குண்டு மசியவில்லை. "எனக்கென்ன கேடு?" என்று குழாய் அடுக்கப் போய்விட்டார். சோதனை முடிவை வெளியே சொல்லக் கூடாதுதான். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் மூன்று இடத்தில் அடைப்பு. அறுவை சிகிச்சை செய்தார்கள்.

திரும்பி வந்தவர், சோதனை நாளன்று பழக்கதோஷத்தில் சட்டைக் கையை மடித்தார். நான் என் கையை நீட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு மெல்ல இறக்கிவிட்டார்.

"அப்ப நான் இனிமே நல்ல ஆளு இல்லியாம்மா?"

நோட்டைத் திறந்து, நான் அடித்த மூன்று எண்களையும் காட்டினேன். "ஆறு மாசமா உங்க ரத்தம் சொல்லிட்டே இருந்திருக்கு. நான் உங்களத் திட்டிட்டு இருந்தேன். மன்னிச்சுடுங்க" என்றேன். அழுதுவிட்டேன்.

அவர் நோட்டை வாங்கி மூடினார்.

"விடும்மா. நீ கத்தலேன்னா டாக்டரம்மா எதுக்கு எந்திரிச்சு வரப்போறாங்க?"